இரண்டு சாண் திரை: வடசென்னையில் பெரிய படத்துக்கு எங்கே போவது?

தேரடி குமரன்:

போன ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாக வடபழனி பலாஸோ தியேட்டரில் ஐமேக்ஸ் என்கிற பெரிய திரைக் காட்சி பார்த்தோம். திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் பச்சை வழித்தடத்துக்கு மாறி, வடபழனியில் இறங்கினோம். வீட்டு வாசலிலிருந்து இருக்கை வரை ஒன்றரை மணி நேரம் ஆனது. திரும்பி வரவும் அதே நேரம். படம் நன்றாக இருந்தது, திரையும் நன்றாக இருந்தது. அதில் எனக்குக் குறை இல்லை.

திரும்பும்போது வண்டியில் "தண்டையார்பேட்டை" என்று அறிவிப்பு வந்தது. பாதித் தூக்கத்தில் இருந்த என் மனைவி கண்ணைத் திறந்து "அகஸ்தியா" என்றார். அவர் பிறந்த வீடு அங்கேதான். வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் 1967 முதல் 2020 வரை ஆயிரம் பேர் உட்காரும் ஒரு தியேட்டர் இருந்தது. பெரம்பூரில் பிருந்தா 1985இல் ரஜினிகாந்த் திறந்து வைத்தது. நாற்பது வருடம் ஓடி 2025இல் மூடிவிட்டது. இரண்டுமே பெரிய கூடங்கள்.

சென்னையில் ஐமேக்ஸ் என்றால் வேளச்சேரி, வடபழனி இரண்டுதான். இரண்டுமே கூவத்துக்குத் தெற்கே. முதல் நாள் முதல் காட்சிக்கு விடியற்காலையில் வந்து நிற்கிற ஊர் எங்கள் ஊர். இங்கே ஏன் ஒரு பெரிய திரை இல்லை? உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொளத்தூர் நந்தா:

அண்ணே, நல்ல கேள்வி. நான் ஐமேக்ஸ் என்றால் எவ்வளவு தூரமும் போகிறவன். 2022இல் பொன்னியின் செல்வன் முதல் பாகம் ஐமேக்ஸில் வந்த முதல் தமிழ்ப் படமாக வெளியானபோது வேளச்சேரிக்கு இரண்டு தடவை போனேன். அந்தத் தரத்தை ஐமேக்ஸ் நிறுவனமே கட்டுப்படுத்துகிறது. திரை, ஒலி, புரொஜெக்டர் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கணக்கில் ஓடும். சாதாரண தியேட்டரில் அன்றைக்கு லேம்ப் எப்படி இருக்கிறதோ நம் அதிர்ஷ்டமும் அப்படித்தான். அதனால் எனக்கு இது பெயருக்காகக் கொடுக்கிற காசு இல்லை, உறுதிக்காகக் கொடுக்கிற காசு.

மற்ற சங்கிலித் தியேட்டர்களும் தங்கள் பெரிய திரைக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கின்றன. பி.வி.ஆர். பி.எக்ஸ்.எல்., ஐனாக்ஸ் பிக்பிக்ஸ், சினிபோலிஸ் மேக்ரோ எக்ஸ்.இ. என்று. முதல் இரண்டும் 2023இல் ஒரே நிறுவனமாகிவிட்டன. இவற்றையெல்லாம் ஐமேக்ஸோடு ஒன்றாக வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

ராயபுரம் பாலு:

எனக்கு எங்கள் ராயபுரம் ஐட்ரீம் தியேட்டர் போதும். பத்து நிமிடத்தில் போய் பத்து நிமிடத்தில் வந்துவிடலாம். பக்கத்தில் இருப்பதுதான் எனக்குப் பெரிய வசதி.

ஒலிக்கூடம்:

நான் படங்களுக்கு ஒலிக்கலவை செய்யும் வேலையில் இருக்கிறேன், வீடு கொளத்தூர். நந்தா சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐமேக்ஸ் என்ற பெயருக்குள் இரண்டு மூன்று வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன. முதலில் வந்தது பிலிம். 70 மி.மீ. பிலிமைப் படுக்கை வாட்டில் ஓட்டி, ஒரு ஃபிரேமுக்கு 15 துளை கொடுத்தார்கள். அந்த ஃபிரேம் வழக்கமான 70 மி.மீ. ஃபிரேமைவிட மூன்று மடங்குக்கு மேல் பெரியது. 1970இல் ஒசாகா கண்காட்சியில் காட்டினார்கள். 1971இல் டொரண்டோவில் முதல் நிரந்தர அரங்கம் வந்தது. அந்தத் திரை ஏறக்குறைய சதுரம், 1.43க்கு 1, அதாவது உயரம் 1 என்றால் அகலம் 1.43. பிறகு டிஜிட்டல் வந்தது, மால்களுக்குள் நுழைவதற்கு ஏற்ற மாதிரி 1.90க்கு 1 என்ற வடிவமும் வந்தது. நம் நாட்டில் இப்போது தியேட்டர்களில் நாம் பார்ப்பது இந்த இரண்டாவது வகை.

சரி, நம் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப் என்கிற அகல வடிவம். அதாவது 2.39க்கு 1. அதை 1.90 திரையில் போட்டால் அகலம் முழுதும் நிரம்பும், உயரத்தில் ஐந்தில் நான்கு பங்குதான் நிரம்பும். மேலேயும் கீழேயும் கறுப்பு. ஐமேக்ஸுக்கென்று உயரத்தைத் திறந்து, அதாவது திரையின் முழு உயரத்துக்கும் எடுத்த படத்துக்கு, அல்லது காட்சிகளுக்கு மட்டும்தான் முழுத் திரையும் வேலை செய்யும். ஆகவே ஸ்கோப் படத்துக்கு நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: திரையின் அகலம் எவ்வளவு, நான் அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்காருகிறேன்?

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கையை முழுதாக நீட்டி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து ஒரு சாண் பிடியுங்கள். கண்ணிலிருந்து பார்த்தால் அந்தச் சாண் சுமார் 20 டிகிரி மறைக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து திரை எத்தனை சாண் வருகிறது என்று எண்ணுங்கள். வீட்டில் 43 அங்குல டிவியை 8 அடியிலிருந்து பார்த்தால் ஒரு சாண். தியேட்டரில் குறைந்தது ஒன்றரைச் சாண் வர வேண்டும் என்பது சினிமாத் தொழில்நுட்பக்காரர்களின் பழைய அளவு. இரண்டு சாண் வந்தால் படம் உங்களைச் சுற்றிக்கொள்ளும். அதற்குத் திரையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்குக்குள் நீங்கள் உட்கார வேண்டும். அதற்குப் பின்னால் போனால் எந்தப் பெயர்ப்பலகை தொங்கினாலும் டிவிதான்.

40 அடித் திரையை 100 அடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் எவ்வளவு தெரியுமா? ஒரு சாணும் கொஞ்சமும்தான்.

தேரடி குமரன்:

இப்போதே வீட்டு டிவியை அளந்தேன். ஒரு சாண் சரியாக வருகிறது. என் மகளும் அளந்தாள், அவளுக்கும் ஒன்றுதான். அவள் கை சின்னது, இருவருக்கும் எப்படி ஒன்றே வருகிறது?

ஒலிக்கூடம்:

கை சின்னது என்றால் அது கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாண் சிறிது, தூரமும் குறைவு. கோணம் ஒன்றுதான். அதனால்தான் இந்த அளவு எனக்குப் பிடிக்கும்.

பாஷா, ஆப்பரேட்டர்:

தம்பிகளுக்கு வணக்கம். பேரன்தான் இந்த இழையைக் காட்டினான். மின்ட் பக்கம் தொடங்கி மவுண்ட் ரோடு வரை 31 வருடம் தியேட்டர்களில் படம் ஓட்டும் கேபினில் இருந்தவன் நான். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது.

மின்ட் தெருவில் கிரௌன் தியேட்டரைக் கட்டியவர் ரகுபதி வெங்கையா. மவுண்ட் ரோட்டில் 1914இல் கெயிட்டி கட்டினாரே, அவரேதான். சென்னையில் சினிமாக் கொட்டகை பிறந்த காலத்திலேயே எங்கள் பக்கம் கொட்டகை இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். வடசென்னைக்கு சினிமா தெற்கிலிருந்து வரவில்லை.

நான் சேர்ந்தபோது கார்பன் குச்சி. இரண்டு குச்சிக்கு நடுவே தீப்பொறி பிடிக்கும், அதுதான் வெளிச்சம். குச்சி எரிந்து தேயத் தேய இடைவெளியைச் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். கண்ணை எடுத்தால் திரை மஞ்சளடிக்கும். ஒரு ரீல் 2000 அடி, 22 நிமிடம். ரீல் முடியும்போது மேல் மூலையில் புள்ளி வரும். முதல் புள்ளிக்கு இரண்டாவது மெஷினின் மோட்டாரை ஓட விடணும், இரண்டாவது புள்ளிக்கு மாற்றணும். ஜனங்களுக்கு மாறியதே தெரியக் கூடாது. தெரிந்தால் கீழேயிருந்து விசில் வரும். அந்த விசிலுக்குப் பயந்துதான் நாங்கள் வேலை கற்றுக்கொண்டோம்.

1986இல் தமிழில் முதல் 70 எம்.எம். படமாக மாவீரன் வந்தது. ஆறு டிராக் ஒலி. பிலிம் ஓரத்தில் டேப் மாதிரி காந்தப் பூச்சு இருக்கும், அதிலிருந்து ஒலி எடுக்கணும். அந்த ரீல் பெட்டியைப் படியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஆனால் திரையில் விழுந்ததும் வந்த கூர்மை இருக்கிறதே, அதை நான் இன்றைக்கும் டிஜிட்டலில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சாண் கணக்கைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. பால்கனி கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி பார்த்தவர்கள்தான் அதிகக் காசு கொடுத்தவர்கள். முன்னால் பெஞ்சு டிக்கெட் எடுத்த மூட்டை தூக்கும் ஆளும், ரிக்‌ஷாக்காரரும், மீன் கூடைக்கார அம்மாவும் மூன்று சாண், நான்கு சாண் படம் பார்த்தார்கள். உண்மையான பெரிய திரை பார்த்தவர்கள் அவர்கள்தான்.

வியாசர்பாடி செல்வி:

பாஷா பாய், நீங்கள் சொன்னதைப் படித்து எனக்கு என் ஆயா ஞாபகம் வந்துவிட்டது. அவர் பெஞ்சில் உட்கார்ந்துதான் எல்லாப் படமும் பார்த்தார். அங்கே உட்கார்ந்தால்தான் வாத்தியார் பக்கத்தில் இருப்பார் என்று சொல்வார்.

என் கணக்கைச் சொல்கிறேன். வீட்டுக்காரருக்கு துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. இரண்டு பிள்ளைகள். மல்டிபிளெக்ஸில் ஒரு டிக்கெட் வரியோடு 200 ரூபாயை நெருங்கும். நான்கு பேருக்கு 800 பக்கம். அதற்கு மேல் முன்பதிவுக் கட்டணம், பாப்கார்ன், தண்ணீர். தூரமாகப் போனால் போக்குவரத்து. இரவுக் காட்சி விட்டால் கடைசி மெட்ரோ கிடைக்குமா என்ற பயம் வேறு, இடைவேளையிலிருந்தே மணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஐமேக்ஸ் நல்லதுதான் நந்தா தம்பி, ஆனால் எங்களுக்கு அது வருடத்துக்கு ஒரு நாள் சமாச்சாரம்.

போன மாதம் ஒரு தியேட்டரில் முன்வரிசை 60 ரூபாய் சொச்ச டிக்கெட் எடுத்தோம். எல்லா வரிசைக்கும் ஒரே விலை கிடையாது, முன்வரிசைக்குக் குறைவாக வைத்திருக்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியவில்லை. என் பையன் மகிழ்ந்து பார்த்தான். எனக்குத்தான் கழுத்து வலி.

ஒலிக்கூடம்:

செல்வி அக்கா, கழுத்து வலிக்கும் அளவு இருக்கிறது. திரையின் மேல் விளிம்பைப் பார்க்க 35 டிகிரிக்கு மேல் அண்ணாந்தால் வலிக்கும். ஏறக்குறைய இரண்டு சாண் உயரம். அதற்குள் வரும் முதல் வரிசை எதுவோ அதுதான் நல்ல மலிவு இருக்கை. சில கூடங்களில் அது மூன்றாவது வரிசை, சிலவற்றில் ஐந்தாவது.

மின்ட்வாசி:

எங்கள் குடும்பத்தில் பெரியப்பா ஒரு தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார், இப்போது இல்லை. குமரன் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன்.

முதலில் டிக்கெட் விலை. தமிழ்நாட்டில் அரசு உச்சவரம்பு வைக்கிறது. பத்து வருடம் போல மல்டிபிளெக்ஸுக்கு 120 ரூபாயாகவே இருந்தது. 2017 அக்டோபரில் 150 ஆக்கினார்கள். அதே வருடம் ஜூலையில் ஜி.எஸ்.டி. 28 சதவீதம் வந்தது, அதோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்தது. தியேட்டர்களை நான்கு நாள் மூடிப் போராடினோம். 2019இல் 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீதமாகக் குறைந்தது. உச்சவரம்பை நான் எதிர்க்கவில்லை. அது இல்லையென்றால் செல்வி போன்றவர்கள் முதல் வாரத்தில் படமே பார்க்க முடியாது. ஆனால் கணக்கில் அது ஒரு பக்கம்.

இரண்டாவது பங்கு. பெரிய நடிகர் படம் என்றால் முதல் வாரம் வசூலில் 70 சதவீதத்துக்கு மேல் விநியோகஸ்தருக்குப் போய்விடும். மிச்சத்தில் ஆயிரம் இருக்கைக்கு ஏசி, சம்பளம், சொத்து வரி. கூட்டம் வருகிற வாரத்தில் பங்கு கிடையாது, பங்கு வருகிற வாரத்தில் கூட்டம் கிடையாது. செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்கு முப்பது பேர் வருவார்கள். முப்பது பேருக்காக அந்தக் கூடம் முழுவதையும் குளிர வைக்க வேண்டும். பெரியப்பா அந்த முப்பது பேரையும் பால்கனியில் உட்காரச் சொல்லிவிட்டு, கீழ்த்தளத்து ஏசியை நிறுத்துவார். அவருக்கு அது மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும்.

மூன்றாவது நிலம். பிரதான சாலையில் அரை ஏக்கரும் ஒரு ஏக்கருமாக இருக்கிற இடம். அடுக்குமாடி கட்டுகிறவர் வந்து ஒரு தொகை சொன்னால், அடுத்த தலைமுறைப் பிள்ளைகளை யாரும் குறை சொல்ல முடியாது.

சங்கிலித் தியேட்டர்கள் மால் கூடவே வரும். ஐமேக்ஸ் பல இடங்களில் மெஷினைத் தன் செலவில் தந்து வசூலில் பங்கு எடுத்துக்கொள்ளும். ஆகவே எங்கே டிக்கெட்டும் தின்பண்டமும் வருடம் முழுதும் விற்குமோ அங்கேதான் கை வைப்பார்கள். எங்கள் பக்கம் மால் என்றால் பெரம்பூர் ஸ்பெக்ட்ரம்தான் உடனே நினைவுக்கு வருகிறது. மணலி, எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை நிற்கிற இடத்தில் மால் கட்ட யார் வருவார்?

ஆனால் எனக்கு ஆறாத ஒரு விஷயம் இருக்கிறது. பெரிய திரைக்கு என்ன வேண்டும்? தூண் இல்லாத அகலமான கூடம், மூன்று நான்கு மாடி உயரம். மாலுக்குள் அதை உண்டாக்க மாடிகளைத் திறக்க வேண்டும், பெரிய செலவு. பழைய தியேட்டர் கட்டடத்தில் அது ஏற்கனவே இருந்தது. இடித்தவற்றில் ஒன்றையாவது தரைச் சரிவை மாற்றி, திரையை முன்னால் இழுத்து, இருக்கையைக் குறைத்து வைத்திருந்தால் வடசென்னைக்கு இன்றைக்குப் பெரிய திரை இருந்திருக்கும். ஹைதராபாத் பிரசாத்ஸ் 2003இல் ஐமேக்ஸாகத் திறந்தது. பிறகு ஐமேக்ஸ் பெயர் போனது. கூடத்தை விடவில்லை, இன்றும் அதைப் பெரிய திரையாகவே நடத்துகிறார்கள். பெயர் போனாலும் கூடம் நின்றால் போதும்.

கொளத்தூர் நந்தா:

மின்ட்வாசி அண்ணே, இது எனக்குப் புதிய செய்தி. கட்டடம்தான் மூலதனம் என்று நான் யோசித்ததே இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். பெரிய கூடம் இருந்தால் மட்டும் போதுமா? நான் ஒரு பெரிய ஒற்றைத் திரையில், பெயர் வேண்டாம், ஒரு இரவுக் காட்சிப் படம் பார்த்தேன். பாதிப் படம் இருட்டுக் காட்சிகள். யார் யாரை அடிக்கிறார் என்றே தெரியவில்லை. வெளியே வந்து சொன்னால் "படமே அப்படித்தான்" என்றார்கள். அதே படத்தை வேறு இடத்தில் பார்த்தபோது முகம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அகலம் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பாஷா, ஆப்பரேட்டர்:

நந்தா கேட்டது நியாயம். இருட்டுக்கு நான்கு காரணம் இருக்கும், பெரும்பாலானவற்றைக் கேபினுக்குள் இருக்கிறவனே சரி செய்ய முடியும், முதலாளி விட்டால்.

மெஷினுக்குள் எரிகிற செனான் லேம்புக்கு ஆயுள் மணிக்கணக்கில் எழுதியிருக்கும். நாள் ஆக ஆக வெளிச்சம் குறையும். கண்ணாடிக் குமிழ் வெடிக்கும் வரை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். புது லேம்ப் விலை அப்படி. இப்போது வருகிற லேசர் மெஷினில் இந்தத் தொல்லை குறைவு, இருபதாயிரம் மணி நேரத்துக்கு மேல் தாங்கும் என்கிறார்கள். அடுத்தது, 3டி படத்துக்கு மெஷின் முன்னால் ஒரு கண்ணாடி போடுவார்கள். 3டி முடிந்து சாதாரணப் படம் வந்த பிறகும் எடுக்க மறந்தால் பாதி வெளிச்சம் போச்சு. மூன்றாவது, 3டிக்காக மாட்டிய வெள்ளித் திரை. நடுவில் உட்கார்ந்தவருக்குப் பளிச்சென்று இருக்கும், ஓரத்தில் இருப்பவருக்கு மங்கல். நான்காவதுதான் ரொம்பச் சாதாரணம். கேபினுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு ஜன்னல் கண்ணாடி உண்டு. அதில் எண்ணெய்ப் புகையும் தூசியும் படியும். நான் தினம் முதல் காட்சிக்கு முன்னால் துடைப்பேன். வெள்ளைத் துணி, கொஞ்சம் ஸ்பிரிட். ஐந்து ரூபாய்ச் செலவு.

ஒலிக்கூடம்:

பாய் சொன்னதோடு ஒரு எண்ணைச் சேர்க்கிறேன். படம் ஓடாமல் வெறும் வெள்ளை வெளிச்சம் மட்டும் திரையில் விழும்போது நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் இருக்க வேண்டும், திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு அது. உலகம் முழுக்க அதுதான் அளவு. நாங்கள் நிறம் திருத்துவது அந்த வெளிச்சத்தை நம்பித்தான். 3டியில் 4, 5 வந்தாலே பெரிது. டால்பி சினிமா என்று ஒரு வகை உண்டு, அதில் 2டிக்கு இந்த அளவைப் போல இரண்டு மடங்கு வெளிச்சம், கறுப்பும் மையிருட்டாக இருக்கும். இந்தியாவில் முதலாவது 2025இல் புனேயில் வந்தது. என்னைக் கேட்டால் இருட்டுக் காட்சி அதிகம் உள்ள படத்துக்கு அளவைவிட இதுதான் முக்கியம்.

ஒலியிலும் இதே கதை. என் மனதில் இருக்கிற பெரிய வருத்தம் இது. கேபினில் இருக்கிற டால்பி ஒலிப்பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. 7 என்ற எண்ணில் வைத்தால் நாங்கள் கலவை செய்த அதே சத்தம் கேட்கும். பல தியேட்டர்களில் அது 5இல், சில சமயம் 4இல் இருக்கிறது. சத்தம் அதிகம் என்று யாரோ ஒருவர் புகார் சொல்லியிருப்பார், குறைத்திருப்பார்கள், அப்புறம் யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள். இதில் எங்கள் தப்பும் இருக்கிறது. சண்டைக் காட்சியிலும் அறிமுகக் காட்சியிலும் நாங்கள் ஏற்றிக்கொண்டே போனோம், அவர்கள் குறைத்துக்கொண்டே போனார்கள். நடுவில் வசனம் செத்துப்போனது. மூன்று வாரம் உட்கார்ந்து, மழைச் சத்தத்தைக் கூரையில் தனியாக, தகரத்தில் தனியாக வைத்து ஒரு காட்சி செய்தோம். கூரையிலிருந்தும் ஒலி தரும் டால்பியின் அட்மாஸ் முறையில் 128 தடம் வரை கொடுக்கலாம், 64 ஒலிபெருக்கி வரை தனித்தனியாக அனுப்பலாம். என் அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். மழையே கேட்கவில்லை. அவர் "நல்லா இருந்துச்சுப்பா" என்றார். எனக்கு அழுகை வந்தது.

வியாசர்பாடி செல்வி:

தம்பி, அடுத்த தடவை எங்கே கேட்குமோ அங்கே அம்மாவைக் கூட்டிப் போங்கள். அவர் கேட்கணும்.

பெரம்பூர் லோகோ:

ரயில்வே ஆள் நான், இரண்டு நாளாக இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் தெற்கே பார்க்கிறீர்கள். வடக்கே பாருங்கள்.

சூளூர்பேட்டையில் வி எபிக் என்று ஒரு திரை 2019இல் திறந்தது. அகலம் 100 அடி அளவு. எபிக் என்பது நம் சென்னை நிறுவனமான க்யூப் உருவாக்கிய வடிவம், அதன் முதல் திரையே அதுதான். கோயம்புத்தூர் பிராட்வேயிலும் எபிக் இருக்கிறது, அங்கே ஐமேக்ஸும் கூடவே இருக்கிறது. சூளூர்பேட்டை ஆந்திராதான், ஆனால் நம் புறநகர் ரயில் அங்கே வரை போகிறது. மூர் மார்க்கெட்டில் கிளம்பி பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, தடா. சுமார் 80 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். பெரும்பாலான வண்டிகள் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும், சூளூர்பேட்டை வரை போகிற வண்டியைப் பார்த்து ஏற வேண்டும். அதுதான் ஒரே கவனம்.

குமரன், உங்கள் வீட்டிலிருந்து வேளச்சேரிக்கு இரண்டு வண்டி மாறிப் போவதும், ஒரே வண்டியில் உட்கார்ந்து சூளூர்பேட்டை போவதும் நேரக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. வடசென்னைக்குப் பெரிய திரை இல்லை என்று சொல்லாதீர்கள். நம் ரயில் பாதையின் கடைசியில் இருக்கிறது.

தேரடி குமரன்:

லோகோ அண்ணே, இத்தனை வருடமாக கும்மிடிப்பூண்டி வண்டியில் வேலைக்குப் போகிறேன். இது என் தலையில் உறைக்கவே இல்லை.

ராயபுரம் பாலு:

அங்கே ஓடுவது தெலுங்குதானே?

பெரம்பூர் லோகோ:

பெரும்பாலும் தெலுங்குதான். தமிழ் டப்பிங் பார்த்தே வளர்ந்த நமக்கு அது பெரிய தடையா? பேசின் பிரிட்ஜ் பக்கம் பல பேருக்குத் தெலுங்கு வீட்டு மொழி. வரும் இரண்டாவது ஞாயிறு போகிறேன். வருகிறவர்கள் சொல்லுங்கள். பகல் காட்சி, இரவு சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

மின்ட்வாசி:

நான் வருகிறேன். பாஷா பாயை யாராவது கூட்டி வாருங்கள், அவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கொளத்தூர் நந்தா:

நானும். பாயை நான் பைக்கில் பேசின் பிரிட்ஜ் வரை கூட்டி வருகிறேன்.

பாஷா, ஆப்பரேட்டர்:

போய் வந்தோம். பதினொரு பேர். எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார்கள்.

நான் படத்தைவிட மூலைகளைத்தான் முதலில் பார்ப்பேன், பழக்கம். நான்கு மூலையிலும் எழுத்து கூர்மையாக நின்றது. நடுவுக்கும் ஓரத்துக்கும் வெளிச்சம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் உட்கார்ந்து பார்த்தேன். அவ்வளவு பெரிய வெள்ளை எழுத்து நடுங்காமல் ஏறிப் போனது. பிலிமில் கொஞ்சம் நடுங்கும். நான் தேடிக்கொண்டிருந்த கூர்மை இதுவா என்று கேட்டால், அதுவே இல்லை, ஆனால் அதற்குச் சொந்தக்காரன் என்று சொல்லலாம்.

கொளத்தூர் நந்தா:

என் பங்குக்கு. ஐமேக்ஸ் மட்டும்தான் என்று முதல் பதிவில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். ஸ்கோப் படத்துக்கு இந்த அகலம் எனக்கு அதைவிட நிறைவாக இருந்தது. உயரம் திறந்து எடுத்த படம் வந்தால் மறுபடி வடபழனி போவேன்.

வியாசர்பாடி செல்வி:

வீட்டுக்காரருக்கு ஷிப்ட் மாறியதால் அவரும் வந்தார். நான்கு பேரும் சேர்ந்து பார்த்து எவ்வளவு நாளாகிறது.

விளக்கு அணைவதற்கு முன்னால் என் பையன் கையை நீட்டி அளந்தான். மூன்று சாண். நானும் அளந்தேன், மூன்று. வீட்டுக்காரரும் வெட்கப்பட்டுக்கொண்டே அளந்தார், அவருக்கும் மூன்று. பின்வரிசையில் இருந்த தெரியாத ஒருவர் என்ன செய்கிறீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். லோகோ அண்ணன் விளக்கினார். அவரும் கையை நீட்டினார்.

திரும்பும் வண்டியில் இருட்டிவிட்டது. பையன் ஜன்னல் வழியாகக் கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துகொண்டே வந்தான். அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கி, மேலே சிவப்பு விளக்கு எரிகிறதே, அது கால் சாண்.